கறையான் தின்ற காத்தான் கொப்பி

காத்தவராயன் கூத்தின் பாட்டும் வசனமும் எழுதிய கொப்பியை நேற்று மாலை தைத்து முடித்தேன். திறந்தால் திறக்கிறது, மூடினால் மூடுகிறது. ஆறு மாதத்துக்கு முன்னர் அது கொப்பியே அல்ல. நடுவில் செம்மண் வைத்துச் சுட்ட ரொட்டிபோல ஒரு கட்டி.

2025 தை மாதத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் காலமான செய்தி கேட்ட அன்று, அவருடைய ‘மண் சுமந்த மேனிய’ரின் றோணியோப் பிரதி (மெழுகுத் தாளில் தட்டச்சிட்டு உருட்டி எடுத்த படி) ஒன்று என்னிடம் இருப்பது நினைவுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். 1985இல் மேடையேறிய நாடகம். நான் அதில் நடித்ததில்லை. ஆனால் அந்தப் பிரதியிலிருந்து எத்தனையோ பேருக்கு வசனம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிரதி மேல் தட்டில் பத்திரமாக இருந்தது. தைத்திருந்த கம்பிதான் துருப்பிடித்திருந்தது. நிம்மதியாகக் கீழ்த் தட்டுக்குக் குனிந்தேன். அங்கே அலுமாரியின் பின்பலகையைத் துளைத்து, சுவரிலிருந்து விரல் தடிப்பில் மண்குழாய் ஒன்று உள்ளே வந்திருந்தது.

என்னிடம் இருப்பவை மொத்தம் 58 உருப்படிகள். அச்சு நூல்கள் 23. அவற்றில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மன்னார் நாடகங்களும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘சங்கிலி’யும் உண்டு. றோணியோவும் ஒளிப்பிரதியுமாக 21. மிச்சம் 14 கையெழுத்துக் கொப்பிகள். அச்சு நூல் போனால் வேறெங்காவது ஒன்று இருக்கும், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்திலும் தேடலாம். கையெழுத்துக் கொப்பி போனால் போனதுதான். கறையானுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிந்ததோ, நேராக அந்தத் தட்டுக்குத்தான் வந்திருந்தது.

காத்தான் கொப்பி 200 பக்கச் சீ.ஆர். கொப்பி, கெட்டி அட்டை போட்டது. 1993இல் முள்ளியவளையில் நாங்கள் கூத்துப் பழகிய காலத்தில், அண்ணாவியாரின் (கூத்துப் பழக்கும் ஆசானின்) கொப்பியைப் பார்த்து நானே எழுதியது. அவர் கொப்பியை இரவல் கொடுக்கமாட்டார். ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பின்னர், அவர் வீட்டுத் திண்ணையில் ஜாம் போத்தல் விளக்கை வைத்து, அவர் நித்திரைக்குப் போகும்வரை எழுதலாம். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, பேனை மைக்கும் தட்டுப்பாடு. ஒரு போத்தல் மையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து எழுதினேன். அந்தத் தண்ணீர் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

இறுதிப் போரின்போது ஊரைவிட்டுப் போகையில், யூரியாப் பையின் உள்உறையில் சுற்றி, றங்குப் பெட்டியில் போட்டு வளவில் புதைத்துவிட்டுப் போன கொப்பிகளில் இதுவும் ஒன்று. திரும்பி வந்து தோண்டியபோது பெட்டியின் அடிப்பாதி பிட்டுப்போல உதிர்ந்தது. மேற்பாதி தப்பியது. அப்போது தப்பியதுதான் இப்போது அலுமாரிக்குள் வைத்துப் போய்விட்டது.

முதல் வேலை மண்ணை எடுப்பது. கத்தியால் தாள்களைப் பிரிக்கப் பார்த்தேன், முதல் தாளே கிழிந்தது. அதன்பின் தென்னை ஈர்க்கைச் சீவி, நுனியை மழுக்கி, தாளுக்கும் தாளுக்கும் இடையே மெதுவாக ஓட்டினேன். மண்ணைத் தட்ட என் ஒப்பனைப் பெட்டியில் இருந்த அரை அங்குலத் தூரிகை. முகத்துக்கு முத்துவெள்ளை பூசிய தூரிகை இதைவிட நல்ல வேலை செய்ததில்லை. 100 தாளையும் பிரிக்க ஒன்பது நாள் எடுத்தது. அடிமூலையிலிருந்து முதுகுப் பக்கமாகத் தின்றிருந்தது. 61 தாளில் சேதம், அவற்றில் 19 தாளில் எழுத்துப் போயிருந்தது. இரண்டு தாள் வெறும் சல்லடை.

கறையான் கூட்டைவிட்டுப் பிரிந்தால் தானே சாகும். ஆனால் தாள்களுக்குள் வெள்ளிமீன் பூச்சியும் ஓடியது, அதன் முட்டை எளிதில் கண்ணில் படாது. சந்திக் கடைக்காரர் கூத்துப் பைத்தியம். அவருடைய ஐஸ்கிறீம் குளிர்ப்பெட்டியில் ஒரு மூலை கேட்டேன். கொப்பியை இரண்டு பொலித்தீன் பைக்குள் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஏழு நாள் வைத்தோம். வெளியே எடுத்த பின்னர் பையைத் திறக்கவே கூடாது. ஒரு முழு நாள் அப்படியே கிடந்து வீட்டுச் சூட்டுக்கு வந்தபின்தான் அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் நீர் பூத்துவிடும். இதை மட்டும் முதல் தடவையே சரியாகச் செய்தேன்.

மற்றதெல்லாம் பிழைவிட்டுத்தான் கற்றேன்.

பசையில் தொடங்குகிறேன். பழைய கட்டுநர் ஒருவர், மாப்பசையில் துருசு கலந்தால் பூச்சி அண்டாது என்றார். மயில்துத்தம் என்றும் சொல்வார்கள், நீலக் கல். பசையும் அழகான வெளிர் நீலமாக வந்தது. நல்லவேளையாக முதலில் ஒரு பழைய பயிற்சிக் கொப்பித் தாளில் ஒட்டிப் பார்த்தேன். பத்து நாளில் ஒட்டிய இடம் பச்சை படர்ந்து, மடித்தால் முறிந்தது. பூச்சியைக் கொல்லும் மருந்து தாளையும் கொல்கிறது. அதைக் கிணற்றடியில் ஊற்றாமல் குழி தோண்டிப் புதைத்தேன்.

அடுத்த யோசனை எனக்கே உரிய முட்டாள்தனம். தாடி மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் ஒப்பனைப் பெட்டியில் பாதிப் போத்தல் கிடந்தது. அதில் தண்ணீர் இல்லை, ஆகவே மை கரையாது என்று கணக்குப் போட்டேன். எழுத்து இல்லாத கடைசித் தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். மை கரையவில்லைதான். ஆனால் தாள் எண்ணெயில் பொரித்த அப்பளம்போலக் கண்ணாடியாகி, மறுநாள் அடுத்த தாளையும் பிடித்துக்கொண்டது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

கடைசியில் வெறும் கோதுமை மாப்பசைக்கே வந்தேன். அதிலும் முதல் இரண்டு சட்டி கட்டிதட்டிப் போயின. மூன்றாவது முறை மனைவி அடுப்படியில் நின்று பார்த்துவிட்டு, “கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டிதட்டாமல் என்ன செய்யும்? பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அல்லவா அடுப்பில் வைக்க வேண்டும்” என்றார். மாவை அப்படியே போடாமல் பிசைந்து துணியில் கட்டி, தண்ணீருக்குள் கசக்கி எடுக்கும் முறையையும் அவர்தான் சொன்னார். பாற்போன்ற நீரை இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை ஊற்றினால் அடியில் வெள்ளை மா படிந்திருக்கும். துணிக்குள் மிஞ்சும் சவ்வு கோழிக்கு. படிந்த மாவில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர். இளந்தீயில் இருபது நிமிடம் கைவிடாமல் கிண்டினால் வெள்ளை மாறிக் கண்ணாடித்தன்மை வரும். இறக்கி, ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிக்க வேண்டும். மூன்றாம் நாள் புளிக்கும். கூடுதலாகக் காய்ச்சி வைத்து இரண்டு தடவை கொட்டியிருக்கிறேன்.

ஒட்டும் தாளுக்குப் பட்டம் கட்டும் வெள்ளை டிசுத் தாள். பழம்பிரதிகளைச் செப்பனிடுபவர்கள் ஜப்பானிய டிசுத் தாள் பயன்படுத்துவார்கள். அது இங்கே கடையில் கிடைக்காது. நிறத் தாள் வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். தாளைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. தூரிகையில் தண்ணீர் தொட்டுக் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரத்தில் நிற்கும் நார்தான் பழைய தாளைப் பிடிக்கிறது. வெட்டிய ஓரம் ஒரு மாதத்தில் எழும்பிவிடும். எனக்கு எழும்பியது.

இனி மை. பஞ்சை ஈர்க்கு நுனியில் சுற்றி, நனைத்து, ஒரு முற்றுப்புள்ளியில் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு நீலமானது. தண்ணீர் கலந்த மை அல்லவா! அப்படியும் அவசரப்பட்டு 7ஆம், 8ஆம் தாள்களில் நேராகப் பசை பூசி ஒட்டிவிட்டேன். கண் முன்னாலேயே ஒரு விருத்தம் கரைந்து நீலப் புகையாகப் பரவியது. அன்று வேலையை நிறுத்தினேன். முழுக் கொப்பியையும் படம் எடுக்காமல் ஒரு தாளையும் தொடுவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இதை ஈர்க்கைக் கையில் எடுத்த அன்றே செய்திருக்க வேண்டும். மகள் மாமர நிழலில், பகல் பதினொரு மணி வெளிச்சத்தில், தாளின் மேல் கண்ணாடித் துண்டை வைத்து, கைத்தொலைபேசியால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் எடுத்து முடித்தாள்.

பிறகு பிடிபட்ட முறை இது. பசையைத் தாளில் பூசாமல் பொலித்தீன் துண்டின்மேல் மெல்லியதாக இழுத்து, டிசுக் கீற்றை அதன்மேல் கிடத்தி எடுக்க வேண்டும். எடுத்த கீற்றை உடனே ஒட்டாமல், பளபளப்பு மங்கும்வரை இரண்டு நிமிடம் கையில் பிடித்திருக்க வேண்டும். அதன்பின் எழுத்து இல்லாத இடம் பார்த்து வைத்து, மேலே எண்ணெய்த் தாள், அதன்மேல் அச்சகத்தில் வாங்கிய அச்சிடாத செய்தித்தாள், அதன்மேல் முதிரைப் பலகை, பலகைமேல் அம்மிக்குழவி. அரை மணியில் செய்தித்தாளை மாற்றி, விடியும்வரை விட வேண்டும். ஒரு மாலைக்கு ஐந்து அல்லது ஆறு தாள். வற்றாப்பளை அம்மன் பொங்கல் வாரம் முழுக்க வேலை நடக்கவில்லை.

அழுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாளைத் துப்புரவாக்குவது நல்லது என்று எண்ணி, அழிறப்பரைத் துருவி, அந்தத் தூளால் முதல் பன்னிரண்டு தாளையும் மெல்லத் தேய்த்தேன். வெள்ளையாக வந்தன, மகிழ்ச்சியாக இருந்தது. பதின்மூன்றாம் தாளைத் தேய்க்கக் கையை வைத்தபோது ஓரத்தில் சின்னப் பென்சில் கீறு ஒன்று தெரிந்தது. அடுத்த வரியில் இன்னொன்று. ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு நெஞ்சு விளங்கிக்கொண்டது. அவை மூச்சு எடுக்கும் இடங்கள். நான் காத்தானின் காதலி ஆரியப்பூமாலையாக ஆடிய பையன். குரல் உடைந்து இரண்டு மூன்று ஆண்டுகள்தான், மேல்ஸ்தாயியில் இழுக்கும்போது நடுவில் அறுந்துவிடும். அண்ணாவியார் ஒருநாள் என் கொப்பியை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலால், இங்கே எடு, இங்கே எடுக்காதே என்று கீறித் தந்தார். அந்தக் கீறுகளைப் பன்னிரண்டு தாளில் நானே தேய்த்துவிட்டேன். மகள் எடுத்த படத்தில் இருக்குமா என்று பெருப்பித்துப் பார்த்தேன். படம் எடுத்தது தேய்த்த பின்னர்.

அதோடு துப்புரவாக்குவதை நிறுத்தினேன். 71ஆம் பக்கத்தில் விளக்கெண்ணெய்ச் சொட்டு, 90இல் குங்குமம் தோய்ந்த என் பெருவிரல், கழுவேற்றக் கட்டத்தில் யாரோ வைத்த தேநீர்க் கோப்பையின் வளையம். எல்லாம் அப்படியே இருக்கின்றன. அச்சிட்ட நாடக நூலில் நாடகம் இருக்கும். கொப்பியில் அந்த நாடகத்தை ஆடியவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு கொப்பியை 2013இல் நகரத்துக் கட்டுக்கடை ஒன்றில் கொடுத்தேன். ஓரம் ஒழுங்காக இல்லை என்று மூன்று பக்கமும் இயந்திரத்தில் சீவி, தங்க எழுத்து அட்டை போட்டுத் தந்தார்கள். ஓரத்தில் எழுதியிருந்த மெட்டுக் குறிப்புகள் எல்லாம் அவர்களுடைய குப்பைக் கூடையில். பார்வைக்கு மிக அழகான புத்தகம். ஆடுவதற்கு ஒன்றுக்கும் உதவாது.

எழுத்துப் போன 19 தாளுக்கு வருகிறேன். ஓட்டையை டிசுத் தாளால் மூடிவிடலாம், சொல்லை எதனால் மூடுவது? முதலில் மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதப் பார்த்தேன். ஆரியப்பூமாலையின் ஒரு சிந்தில் மூன்று சொல் இல்லை. முன்வரியைப் பாடினேன், ஓட்டை வந்ததும் நின்றது. பத்துத் தடவை பாடினாலும் அதே இடத்தில் நின்றது. வேறு பதிப்புப் பார்க்கலாம்தான். ஆனால் காத்தான் கூத்து ஊருக்கு ஊர் சொல் மாறும். எனக்கு வேண்டியது எங்கள் ஆட்டக் களரியில் நின்ற சொல்.

ஒரு மாலை எரிச்சலில் எழும்பிக் கொல்லைக்குப் போனேன். கோழிகளைத் தவிர யாருமில்லை. துவாயை இடுப்பில் கட்டி, முன்வரியைப் பாடியபடி காலை எடுத்து வைத்தேன். முழங்கால் முறுக்கியது. இந்த வயதில் ஆரியப்பூமாலை! இரண்டாம் வரி முடிந்து இடப்பக்கம் திரும்புகிறபோது வலக்கை தானாகக் காதருகே போனது. கை போன இடத்தில் முதற்சொல் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டும் வந்தன. ஓடிப்போய் எழுதினேன். பிறகு மிச்சத் தாள்களுக்கெல்லாம் அப்படித்தான். கொப்பியைத் திண்ணையில் வைத்துவிட்டு ஆடுவது, நின்று எழுதுவது. என் பாத்திரத்தின் ஓட்டைகள் எல்லாம் நான்கு மாலையில் நிரம்பின. ஒன்று மட்டும் வரவில்லை. அந்தக் கட்டத்தில் நான் அசையாமல் நிற்பேன், அதனால்தானோ என்னவோ.

மற்றவர்களின் பாட்டை என் கால் அறியாது. சின்னான் வேடம் ஆடிய பெரியண்ணை பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் இருக்கிறார், வயது 74. ஒளிப்பிரதியோடு போனேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீ உன் வரியைப் பாடு தம்பி” என்றார். நான் பாடி முடிக்கும் முன்னரே அவருடைய பதில் வந்து விழுந்தது. அப்படியே ஒன்பது இடம். 43ஆம் பக்கத்தில்தான் தகராறு. மிஞ்சியிருந்த அரை எழுத்தைப் பார்த்தால் ‘மறித்து’ என்பது என் வாசிப்பு. அவர் ‘மறைத்து’ என்றார். கொப்பியில் அப்படித் தெரிகிறதே என்றேன். “நான் என்ன கொப்பியைப் பார்த்தா ஆடினேன்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நிரப்பிய சொல்லெல்லாம் பென்சிலில், புதிய டிசுத் தாளின்மேல். எது பழையது, எது நாங்கள் வைத்தது என்று பிறகு வருபவருக்குத் தெரிய வேண்டும்.

கட்டும் வேலை இதற்குள் சின்ன வேலை. இரண்டு பிழை மட்டும் சொல்கிறேன். தின்றுபோன மடிப்புகளை இணைக்க, முதல் மூன்று கட்டுக்கு ஒளிப்பிரதித் தாளைக் கீற்றாக வெட்டி ஒட்டினேன். முதுகு மட்டும் பருத்து, கொப்பி ஆப்புப்போல நின்றது. அவிழ்த்து, இரட்டை டிசுத் தாளால் மறுபடி ஒட்டினேன். தைப்பதற்குச் சாக்கு ஊசி எடுத்தது இரண்டாவது பிழை, துளை பெரிதாகித் தாள் கிழிந்தது. நடுத்தர ஊசியும் பருத்தி நூலும் போதும். ஐந்து இரட்டைத் தாளை நடுவே மடித்தது ஒரு கட்டு, கட்டுக்கு ஐந்து துளை, மொத்தம் பத்துக் கட்டு. நூலுக்குக் காட்டுத்தேன் எடுப்பவர் தந்த மெழுகைப் பூசினேன். சல்லடையான இரண்டு தாளையும் ஒட்டவில்லை, தெளிந்த உறைக்குள் போட்டுக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

செலவு: டிசுத் தாள் 24க்கு 720 ரூபாய், மா 200, செய்தித்தாள் 300, நூலும் ஊசியும் 150, ஈரமானி 1,850, ஈரம் உறிஞ்சும் மணிகள் 600, புதிய தகரப் பெட்டி 6,500. மொத்தம் 10,320. தேன்மெழுகுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் காசு வாங்கவில்லை. குளிர்ப்பெட்டிக்காரர் அடுத்த கூத்தில் ஒரு சேவகன் வேடம் கேட்டிருக்கிறார்.

பெட்டி இப்போது சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, நான்கு செங்கல்மேல் நிற்கிறது. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற இந்த நாட்களில் உள்ளே ஈரப்பதம் 58 காட்டுகிறது. ஐப்பசி மழை வந்தால் என்ன காட்டும் என்பதில்தான் பயம். 65க்கு மேல் போனால் மணிகளை எடுத்துச் சட்டியில் வறுத்துத் திரும்பப் போட வேண்டும். அடுத்தது கோவலன் கூத்துக் கொப்பி. பச்சை மை. பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், காத்தானைவிட மோசமாகக் கரைகிறது. இந்த முறை படம் எடுத்தாயிற்று, அழிறப்பரை மகளிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

தைத்து முடித்த கொப்பியின் ஒளிப்பிரதி ஒன்றை நேற்றிரவே பெரியண்ணைக்குக் கொடுத்தனுப்பினேன். இன்று விடியற்காலை தொலைபேசியில் அழைத்தார். நல்லாயிருக்கிறது, கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிகிறது என்றார். கொஞ்சம் இருமினார். பிறகு, 43ஆம் பக்கத்தில் தன்னுடைய சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டது யார் என்று கேட்டார்.